பாரிஸ் நடுவே ஒரு பள்ளம்

பாரிஸில் சேன் யூஸ்தாஷ் தேவாலயத்துக்குள் ஒரு வண்ணச் சிற்பம் இருக்கிறது. சந்தைக்காரர்கள் காய்கனிகளைச் சுமந்துகொண்டு, ஊரைக் காலிசெய்துவிட்டுப் போகிறவர்களாக நடக்கிறார்கள். சிற்பி ரேமண்ட் மேசன், 1969 பிப்ரவரி 28 என்று தலைப்பிலேயே தேதியையும் சேர்த்துவிட்டார்.

தேவாலயத்தை ஒட்டியிருந்த லே ஹால் சந்தை, எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த நகரத்துக்குச் சோறு போட்டது. அந்த 1969இல் மொத்த வியாபாரத்தை நகருக்கு வெளியே ருஞ்ஜிஸுக்கு மாற்றியதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. லாரி நெரிசலிலும் எலித் தொல்லையிலும் அந்த வட்டாரம் திணறிக்கொண்டிருந்தது. தவறு அதற்குப் பின் நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் கட்டடக்கலைஞர் விக்டோர் பால்தார் வடிவமைத்த இரும்பு, கண்ணாடிக் கூடங்களை 1971இல் இடிக்கத் தொடங்கினார்கள். சந்தை போன பிறகு அங்கே நாடகமும் கண்காட்சியும் நடந்துவந்தன, கூட்டமும் வந்தது. இடிக்காதீர்கள் என்று மக்கள் போராடியும் பலனில்லை. பல ஆண்டுகள் அங்கே பெரும் பள்ளம்தான் கிடந்தது. அதற்குள் ஒரு சினிமாப் படப்பிடிப்பே நடந்தது. 1979இல் நிலத்தடி வணிக வளாகம் திறந்தார்கள். பின்னாளில் அதன் மேற்பகுதியையும் இடித்துவிட்டு, 2016இல் புதிய கூரை போட்டார்கள்.

இதற்கு நவீனக் கட்டடக்கலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நாம் ஏற்கவில்லை. பால்தாரின் கூடங்களே அவர் காலத்தின் புதுமைதான். மத்திய பாரிஸின் ஒரு பகுதியைத் துடைத்துவிட்டு 60 மாடிக் கோபுரங்கள் பதினெட்டை நிறுத்த, கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே 1925இல் திட்டம் வரைந்தார். அது காகிதத்தோடு நின்றது. வெற்று மனையில்தான் நல்ல நகரம் எழும் என்ற அதன் நம்பிக்கை மட்டும் அதிகாரிகளிடம் தங்கிவிட்டது. நாம் எதிர்ப்பது அந்த நம்பிக்கையைத்தான்.

லே ஹால் கிளப்பிய கோபம், அதே நகரத்தில் ஆர்சே ரயில் நிலையத்தைக் காப்பாற்ற உதவியது. ஹோட்டலுக்காக இடிபடவிருந்த அது, 1986இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. ரயில்கள் நின்ற நீண்ட கூடத்தில் இன்று சிற்பங்கள் நிற்கின்றன.

பழைய நகர மையத்தில் கைவைக்கும் எந்த நிர்வாகமும், இடிக்க நினைக்கும் கட்டடத்துக்கு வேறு என்ன பயன் தேடியது என்பதை முதலில் பொதுமக்கள் முன் எழுத்தில் வைக்க வேண்டும். அங்கே குடியிருப்பவர்களும் கடை வைத்திருப்பவர்களும் சொல்வதைக் கேட்காமல் இடிப்பு உத்தரவில் கையெழுத்திடக் கூடாது. பால்தாரின் பன்னிரண்டு கூடங்களில் ஒன்றைக் கழற்றி, நொழான்-சூர்-மார்ன் புறநகருக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டினார்கள். இன்றும் அது நிற்கிறது. அவ்வளவு பாடுபட முடிந்தவர்களுக்கு, மற்றவற்றை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கவும் முடிந்திருக்கும்.