தூக்கறதுக்கு முன்னாடி டேப்பை எடுங்க!

பதிவு பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. மக்காச்சோள அறுப்பு, பொண்ணோட பரீட்சைன்னு ஓடிடுச்சு. இன்னிக்கு மறுபடி எழுத வச்ச புண்ணியவான் எங்க சித்தப்பா பையன்.

போன வாரம் போன் பண்ணினான். "அண்ணே, நம்ம பிக்கப்பை நாலு இஞ்ச் தூக்கிரலாம்னு இருக்கேன். லிஃப்ட் கிட்டு ரெண்டு பாத்து வச்சிருக்கேன். எது நல்லதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுச்சு. காரணம் அப்புறம் சொல்றேன்.

மொதல்ல வண்டியைப் பத்தி. ஜீப் மூக்கு வச்ச பழைய மகேந்திரா. முன்னாடியும் பட்டை, பின்னாடியும் பட்டை. ஓடறது அரியலூர் மாவட்டம் செந்துறை பக்கம், ஆனா நம்பர் பெரம்பலூரோட 46. அதாவது 2007 நவம்பர்ல அரியலூர் ரெண்டாவது தடவையா தனி மாவட்டமா பிரியறதுக்கு முன்னாடியே வாங்கினது. அம்புட்டு வயசு. செட்டிகுளத்துல சின்ன வெங்காயம் ஏத்தும், குன்னத்துல பருத்தி ஏத்தும், சும்மா கெடக்குற நாள்ல சிமெண்டு மூட்டை ஏத்தும். சித்தப்பா வீட்டு அடுப்பு எரியறதே இந்த வண்டியாலதான்.

தம்பி சொல்ற காரணம் தப்பில்ல. ஐப்பசி மழை பேஞ்சா நம்ம கரிசல் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். டயர்ல அப்புனா மாவு மாதிரி ஒட்டிக்கும். சுண்ணாம்புக்கல் லாரி போற ரோடெல்லாம் ரெண்டு பக்கமும் வாய்க்கால் மாதிரி பள்ளம். "அடி தட்டுதுண்ணே" அப்படிங்கறான். இதுக்கு நடுவுல வீடியோல வெளிநாட்டுக்காரன் பிக்கப்பை ஆளுயரத்துக்கு தூக்கிட்டு மலையேறுறதை வேற பாத்துட்டான்.

நான் கேட்டது ஒரே கேள்வி. "டேய், எது தட்டுது?"

"டிஃபரன்ஷியல் உருண்டைதான்."

அங்கதான் மேட்டரே இருக்கு. சஸ்பென்ஷனைத் தூக்கினா உயர்றது சேஸிஸும் பாடியும். ஆக்சில் இருந்த இடத்துலதான் இருக்கும். அந்த உருண்டைக்கும் தரைக்கும் நடுவுல இருக்குற இடைவெளி அரை இஞ்ச் கூட மாறாது. அது மாறணும்னா டயர் பெருசாகணும், அதுவும் டயரோட விட்டம் எவ்வளவு கூடுதோ அதுல பாதிதான் கிடைக்கும். நாலு இஞ்ச் கிட்டுக்கு காசு குடுத்துட்டு அதே சேத்துல அதே உருண்டையை இழுத்துட்டு நிக்கறதுக்கு பேரு என்ன?

ரெண்டாவது, பழைய வண்டி அடி தட்டுதுன்னா முக்கால்வாசி நேரம் அது தாழ்ந்து பிறந்த வண்டியா இருக்காது, தாழ்ந்து போன வண்டியா இருக்கும். இருபது வருஷமா ஓவர்லோடு இழுத்த பட்டை வளைவு செத்து நேர்கோடா கெடக்கும். நடுவுல சேறும் சுண்ணாம்புத் தூசியும் புகுந்து உப்புத்தாள் மாதிரி தேய்ச்சிருக்கும். ஷேக்கிள் புஷ்ஷெல்லாம் போயிருக்கும். அதைச் சரி பண்ணாலே போன உயரம் திரும்பி வந்துடும்.

தெரிஞ்சுக்கறது சுலபம். சமதரையில வண்டியை காலியா நிறுத்துங்க. வீல் நடு மையத்துலேருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் டேப் வச்சு அளங்க. இடதும் வலதும் ஒரு இஞ்ச் வித்தியாசம் இருந்தா லிஃப்ட் கிட்டுன்னு வாயே திறக்காதீங்க, பட்டையைப் பாருங்க.

சரி, தூக்கறதுல என்னென்ன வழி இருக்கு? எனக்குத் தெரிஞ்ச நாலும் அதுல என் கருத்தும்:

1. ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவுல கட்டை வைக்கறது. மலிவு. பின்பக்கம் சின்னதா, ஒரே கட்டை, நீளமான புது யு-போல்ட்டோட வச்சா சமாளிக்கலாம். முன்பக்கம் கூடவே கூடாது. பிரேக் புடிக்கும்போது விழற முறுக்கு அந்தக் கட்டையை நகத்தப் பாக்கும். கட்டை மேல கட்டை அடுக்கறவங்களுக்கு ஒரு கும்பிடு.

2. நீள ஷேக்கிள். ரெண்டு இஞ்ச் நீளம் கூட்டினா சுமாரா ஒரு இஞ்ச்தான் உயரும். கேஸ்டர் கோணம் வேற மாறும். ஸ்டியரிங் ஆட ஆரம்பிச்சா அப்புறம் அதுக்கு ஒரு செலவு.

3. கூடுதல் பட்டை சேக்கறது. நம்ம ஊரு பேவரிட். ஆறு பட்டை செட்டுல அதே கனத்துல ஏழாவது சேத்தா ஏறக்குறைய 17 சதவீதம் விறைப்பு கூடும். கனமான பட்டை இன்னும் மோசம், ஏன்னா விறைப்பு கனத்தோட மும்மடிப் பெருக்கத்துல ஏறும். பத்து சதவீதம் கனம் கூடினாலே அந்தப் பட்டை 33 சதவீதம் விறைக்கும். காலியா போறப்ப வண்டி குதிரை மாதிரி எகிறும், அடி எல்லாம் சேஸிஸ் ஹேங்கருக்குப் போகும்.

4. முழுசா புது செட். செலவு அதிகம். ஆனா நியாயமான வழி இதுதான். இல்லேன்னா இருக்குற பட்டையையே நல்ல பட்டறையில குடுத்து வளைவு ஏத்தி, முறையா பதம் போட்டு வாங்கலாம். கேஸ்ல சுட்டு சும்மா வளைச்சுக் குடுத்தா பதம் போயி ஆறு மாசத்துல பழையபடி படுத்துக்கும். (நம்ம ஊர்ல வெங்காயம் போட்டு வைக்கிற இடத்துக்கும் பட்டறைன்னுதான் பேரு. தப்பான பட்டறைக்குப் போயிடாதீங்க :-))

இப்ப அந்தப் புளி கரைச்ச கதை.

2011-ல நானும் இதே பைத்தியத்துல இருந்தேன். அப்பாவோட பிக்கப்புக்கு ஒரு பட்டறையில ரெண்டு பட்டை சேத்து, நீள ஷேக்கிளும் போட்டேன். பட்டறை பேரு வேணாம், சொல்லிக் கேட்டது நான்தான். வண்டி கம்பீரமா நின்னுச்சு. நானும் நாலு பேருகிட்ட காட்டிப் பெருமையடிச்சேன்.

மூணாவது வாரம். பின்னாடி பருத்தி மூட்டை, முன்னாடி பக்கத்துல என் மனைவி, மடியில மூணு வயசு பொண்ணு. ஏரிக்கரையிலேருந்து கீழ இறங்கறேன். முன் சக்கரம் ஒண்ணு பள்ளத்துல தொங்குச்சு. வண்டி உயர்ந்துச்சே தவிர பிரேக் ஹோஸ் அதே பழைய நீளம். விண்ணுன்னு இழுத்து, பிச்சுக்கிச்சு. பிரேக்கை மிதிச்சா பெடல் தரையைத் தொடுது. ஒண்ணுமே இல்ல. கியரைக் கொறச்சு, ஒடிச்சு, சீமைக்கருவேலம் புதருக்குள்ள விட்டு நிறுத்தினேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல. பொண்ணு சிரிச்சுட்டு "இன்னொருவாட்டிப்பா"ன்னா. எனக்கு கை நடுக்கம் நிக்க அரைமணி நேரமாச்சு.

அப்பா திட்டவே இல்ல. மறுநாள் காலையில ஷேக்கிளையும் கூடுதல் பட்டையையும் கழட்டி தொழுவத்துல போட்டுட்டார். ரெண்டு வாரம் என்கூட பேசல. அந்தப் பட்டை ரெண்டும் இன்னும் அங்கதான் துருப்புடிச்சுக் கெடக்கு. அப்பா இல்ல.

அதனாலதான் சொல்றேன், கிட்டுங்கறது பெட்டியில வர்ற நாலு இரும்பு மட்டும் இல்ல. உயரம் ஏறினா பிரேக் ஹோஸ் நீளமாகணும். ஷாக் அப்சார்பர் நீளமாகணும். புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் மாறும், யுனிவர்சல் கிராஸ் சீக்கிரம் போகும். ஸ்டியரிங் ராடு கோணமும் மாறும். ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். இதெல்லாம் பாக்காம உயரத்தை மட்டும் விக்கறவன்கிட்ட வாங்காதீங்க.

இன்னொரு கணக்கு. சக்கரத்துக்கு சக்கரம் அகலம் 130 செ.மீ., லோடோட சேத்து எடை மையம் 90 செ.மீ. உயரத்துல இருக்குன்னு வைங்க. பாதி அகலத்தை உயரத்தால வகுத்தா 0.72. நாலு இஞ்ச், அதாவது 10 செ.மீ. தூக்கினா 0.65. வளைவுல கவுறாம தாங்குற சக்தி பத்துல ஒரு பங்கு போச்சு. பருத்தி மாதிரி உயரமா அடுக்குற லோடுல அந்த ஒரு பங்குதான் கவுறறதுக்கும் வீட்டுக்கு வர்றதுக்கும் நடுவுல இருக்கும்.

சட்டமும் இருக்கு சாமி. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி. விவரம் கம்பெனி குறிச்சதுக்கு மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாம மாத்தினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில், இல்லேன்னா ரெண்டும். எட்டு வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு வருஷாவருஷம் எஃப்.சி. வேற. அந்த அதிகாரி முன்னாடி நாலு இஞ்ச் கம்பீரத்தை எங்க ஒளிச்சு வைப்பான் தம்பி?

"அப்ப கிட்டு விக்கறவனெல்லாம் முட்டாளா?"ன்னு கேப்பீங்க. இல்ல. ஆஸ்திரேலியாவுல ஓல்டு மேன் ஈமு மாதிரி கம்பெனிங்க பட்டையைத் தர்றதுக்கு முன்னாடி, எப்பவும் வண்டியில எத்தனை கிலோ இருக்கும்னு பாக்கறாங்க. லோடு மொதல்ல, உயரம் அப்புறம். நம்மாளு அந்த வீடியோல உயரத்தை மட்டும் பாத்துட்டான்.

தம்பிகிட்ட கடைசியா சொன்னது: நாலு பக்கமும் டேப் வச்சு அள. புஷ், ஷேக்கிள் பின் மாத்து. பட்டையை செட் பண்ணு, முடியலேன்னா அதே அளவு புது செட் வாங்கு. சேத்துக்கு ஆழமான பட்டன் டயர் போடு. முக்கியமா ரெண்டு மூட்டை கொறச்சு ஏத்து. செலவு கிட்டை விட அதிகமாகாது.

"அப்ப வண்டி கெத்தா இருக்காதேண்ணே"ன்னான்.

தொழுவத்துல கெடக்குற அந்த ரெண்டு பட்டையை வந்து பாத்துட்டு போடான்னேன். ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கான். டேப்பை எடுத்து வச்சிருக்கேன்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்ல, சூடுபட்ட பூனை. மேல சொன்னதுல தப்பு இருந்தா விவரம் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல வந்து கொட்டுங்க, திருத்திக்கறேன். "நான் ஆறு இஞ்ச் தூக்கி பத்து வருஷமா ஓட்டறேன்"னு சொல்றவங்களும் வாங்க. ஆனா மொதல்ல போய் பிரேக் ஹோஸைப் பாத்துட்டு வாங்க.