அன்னதானக் கணக்கு யார் பெயரில்?

பிரதோஷ வழிபாடு நிறைவுற்று நந்தியெம்பெருமானுக்குத் தீபாராதனை ஆனதும், காவிரிக் கரையிலுள்ள அந்தச் சிற்றூர்ச் சிவாலயத்தின் வெளிப் பிராகாரத்தில் வாழையிலைகள் விரியும். சாம்பார் சாதம், தயிர் சாதம், ஒரு பொரியல், ஊறுகாய். ஆடம்பரம் ஏதுமில்லை. ஆயினும் மாதம் இருமுறை, பதினோர் ஆண்டுகள், ஒரு பிரதோஷமும் தவறாமல் நடந்த அறம் அது. அதை முன்னின்று நடத்தியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். ஊரார் அவரைப் பெரிய வாத்தியார் என்றே அழைத்தனர்.

அன்பர்கள் தந்த பணம் முழுவதும் அவருடைய சொந்தப் பெயரிலிருந்த சேமிப்புக் கணக்கில் சேர்ந்தது. செலவை நீள நோட்டில் அவரே எழுதி வந்தார். ஒரு ரூபாய் பிசகியதில்லை. அதனாலேயே, கணக்கு எவர் பெயரில் இருக்கிறது என்ற வினா எவருக்கும் எழவில்லை.

ஒரு மார்கழி விடியலில் அவர் சிவபதம் அடைந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அடுத்த பிரதோஷத்துக்கு அரிசி வாங்க வேண்டிய நேரத்தில்தான் குழுவினர் திகைத்தனர். கணக்கில் மூன்று லட்சத்து எண்பத்து நான்காயிரம் ரூபாய் இருந்தது. வங்கியின் பார்வையில் அது அன்னதானப் பணம் அன்று. காலமான ஒரு தனிமனிதரின் பணம். நாமினியாக இருந்தவர் அவருடைய மனைவி. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவரேயன்றி, அதன் முழு உரிமையாளர் அல்லர். அவர் பெற்ற தொகையில் சட்டப்படியான வாரிசுகள் தம் பங்கைக் கேட்கலாம்.

அம்மையார் பணத்தைப் பெற்ற அன்றே பிள்ளைகள் இருவரையும் தொலைபேசியில் அழைத்தார். “இது உங்கள் அப்பா பணம் இல்லை, சுவாமி பணம். திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன்” என்றார். பிள்ளைகள் மறுசொல் சொல்லவில்லை. அந்த வீட்டின் பண்பு அது. ஆனால் காசோலையை எவர் பெயருக்கு எழுதுவது? குழுவுக்குக் கணக்கும் இல்லை, நிரந்தரக் கணக்கு எண்ணும் இல்லை, சட்டம் அறிந்த ஒரு பெயரும் இல்லை. மீண்டும் ஒருவருடைய சொந்தக் கணக்கில் போட்டால், மீண்டும் அதே நிலைதான்.

இந்த இக்கட்டிலிருந்துதான் அவ்வூரில் அறக்கட்டளை பிறந்தது.

குழுவினர் அழைத்து வந்தது வாத்தியாரின் பழைய மாணவரை. அவர் கும்பகோணத்தில் பட்டயக் கணக்காளராகத் தொழில் செய்பவர். முதலில் பத்திரம், அது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். அடுத்து அறக்கட்டளையின் பெயரில் நிரந்தரக் கணக்கு எண். பிறகு அதே பெயரில் வங்கிக் கணக்கு, இருவர் சேர்ந்து கையொப்பமிடும் முறையில். அதன் பிறகே வருமான வரித்துறையில் பதிவு. இவ்வாறு வரிசையை அவர் ஒரு தாளில் எழுதித் தந்தார்.

வரித்துறைப் பதிவு ஒன்றல்ல, இரண்டு என்பதை அன்றுதான் பலரும் அறிந்தனர். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 12ஏபி பிரிவுப்படி பெறும் பதிவு அறக்கட்டளைக்கானது. அதைப் பெற்றால், வரும் வருவாயை அறக்காரியங்களுக்கே செலவிடும்வரை அறக்கட்டளை அதற்கு வரி செலுத்த வேண்டியதில்லை. ஆண்டு வருவாயில் 85 விழுக்காட்டையேனும் அவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பது பொது விதி. 80ஜி பிரிவுப்படி பெறும் ஒப்புதல் கொடையாளருக்கானது. அதன் வழியே, கொடுத்தவர் தம் வருமான வரிக் கணக்கில் கழிவு கோரலாம். முன்னது இருந்தால் பின்னதும் தானாக வந்துவிடும் என்று எண்ணுவது தவறு. இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

பத்திரத்தின் வரைவை ஊர்ப் பெரியவர்களே எழுதி வைத்திருந்தனர். நோக்கங்கள் என்ற தலைப்பின் கீழ் முதல் வரி, ‘பிரதோஷ நாட்களில் ஆலயத்துக்கு வரும் சிவனடியார்களுக்கு அன்னம் பாலித்தல்’ என்றிருந்தது. அடுத்து, சுவாமிக்குத் திருவிளக்கும் திருமாலையும். மூன்றாவதாக, ஏழை மாணவர்க்குப் பள்ளிக் கட்டணம்.

முதல் வரியைப் படித்ததும் கணக்காளர் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஐயா, இந்த ஒரு சொல்லால் 80ஜி கிடைக்காமல் போகலாம்” என்றார். ஒரு குறிப்பிட்ட மதச் சமூகத்தின் நன்மைக்கோ, ஒரு சாதியின் நன்மைக்கோ என்று எழுதப்பட்ட அமைப்புக்கு அந்த ஒப்புதல் இல்லை என்பது சட்டம். சமயக் காரியங்களுக்கான பொது அறக்கட்டளை 12ஏபி பதிவைப் பெறலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் கொடையாளருக்கு வரிக்கழிவு வேண்டுமெனில், அறம் அனைவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். சமயச் செலவு ஆண்டு வருமானத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டவும் கூடாது.

பெரியவர் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை. “சிவன் கோயில் பந்தியில் சிவனடியார் என்று எழுதக் கூடாதா, தம்பி? வரிச் சலுகைக்காகச் சுவாமி பெயரை எடுப்பதா?” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கூட்டம் இரண்டுபட்டது. சலுகையே வேண்டாம், பழையபடி நடத்துவோம் என்றனர் சிலர். எழுதுவதை எப்படியும் எழுதிக்கொண்டு, நடத்துவதை நம் விருப்பப்படி நடத்துவோம் என்றார் மற்றொருவர். இரண்டாவது யோசனையைக் கணக்காளர் உடனே மறுத்தார். பத்திரத்தில் ஒன்றும் பந்தியில் வேறொன்றுமாக இருந்தால் பதிவே ரத்தாகலாம் என்றார்.

அதுவரை பேசாதிருந்த வாத்தியாரின் மனைவி அப்போதுதான் வாய் திறந்தார். “பதினோரு வருஷமும் சாதம் வடித்தவள் நான். நெல் லாரியில் வருகிற சுமைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சந்தைக்கு வளையல் விற்க வருகிற பாய் உட்கார்ந்திருக்கிறார். இவர் ஒருநாளும் யாரையும் எந்த ஊர், எந்தச் சாமி என்று கேட்டதில்லை. நடந்ததை அப்படியே எழுதினால் போதாதா?”

கூட்டத்தில் அதற்கு மறுப்பு எழவில்லை. வடலூரில் 1867ஆம் ஆண்டு வள்ளலார் நிறுவிய சத்திய தருமச்சாலை, சாதி சமய வேறுபாடின்றிப் பசித்தவர் அனைவருக்கும் உணவளித்து வருவதைத் தமிழுலகம் அறியும். அங்கே பசியே தகுதி. முதல் வரி ‘ஆலயத்துக்கு வந்து பசித்திருக்கும் எவருக்கும் உணவளித்தல்’ என்று மாறியது. வரிக்காகப் புதிய கொள்கை எதையும் அவர்கள் புனையவில்லை. ஏற்கெனவே நடந்து வந்ததே எழுத்தாயிற்று.

ஆனால் இரண்டாவது வரி அவ்வளவு எளிதாக இல்லை. திருவிளக்கும் திருமாலையும் ஐயத்துக்கு இடமின்றிச் சமயக் காரியங்கள். அவற்றைத் தருமம் என்ற போர்வைக்குள் மறைப்பது முறையன்று. ஆகவே அந்த வரியைப் பத்திரத்திலிருந்து நீக்கினர். மாலைக்கும் எண்ணெய்க்கும் முறை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இனி நேராகக் கோயில் அலுவலகத்தில் செலுத்திக் கோயிலின் ரசீதையே பெறுவது என்று முடிவாயிற்று.

இந்த முடிவுக்கு ஒரு விலையும் இருந்தது. அம்பாளுக்கு வெள்ளிக் கவசம் சாத்த ஒரு லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்த அன்பர், அன்னதானம் என்று எழுதி 80ஜி ரசீது தருமாறு கேட்டார். குழுவினர் பணிவுடன் மறுத்தனர். அவர் பிறகு வரவில்லை. கவசம் இன்றுவரை சாத்தப்படவில்லை. அம்பாள் பழைய பட்டிலேயே அருள்பாலிக்கிறாள். பொய் ரசீதால் வந்த வெள்ளி அவள் திருமேனியில் ஏறவில்லை என்ற ஆறுதல் மட்டும் குழுவினருக்கு உண்டு.

பத்திரத்தில் மேலும் இரு வரிகளைக் கணக்காளர் சேர்த்தார். அறங்காவலரோ அவர்தம் உறவினரோ அறக்கட்டளையின் பொருளால் தனிப்பயன் அடையக் கூடாது என்பது ஒன்று. அறக்கட்டளை கலைக்கப்படும் நிலை வந்தால், எஞ்சும் பொருள் இதே நோக்கமுள்ள மற்றொரு பதிவுபெற்ற அமைப்புக்கே சேர வேண்டும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வரியை அம்மையார் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். எவர் மறைந்தாலும் அன்னதானப் பணம் எவர் வீட்டு வாசலிலும் இனி நிற்காது.

விண்ணப்பம் இணையவழியே 10ஏ படிவத்தில் சென்றது. அரசுக் கட்டணம் ஏதுமில்லை. பத்திரத்தின் நகலும் நிரந்தரக் கணக்கு எண்ணும் அறங்காவலர் விவரமுமே முதன்மையான தேவைகள். புதிய அமைப்புக்கு முதலில் கிடைப்பது மூன்றாண்டுகளுக்கான தற்காலிகப் பதிவு. காரியம் தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிவதற்கு ஆறு மாதம் முன்பே, இவற்றில் எது முந்தியதோ அதற்குள், 10ஏபி படிவத்தில் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்போது அதிகாரி, சொன்ன அறம் உண்மையில் நடக்கிறதா என்று கேட்பார். அரிசிக் கடைச் சீட்டு, காய்கறிச் சீட்டு, வங்கி அறிக்கை, பந்தியின் புகைப்படம் எல்லாம் அன்று சான்றாகும். பலர் இடறி விழும் இடம் இதுவே. தற்காலிகப் பதிவுச் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டிவிட்டு அடுத்த படியை மறந்துவிடுகின்றனர். உரிய காலத்தில் விண்ணப்பிக்காமல் பதிவு காலாவதியானால், ஆண்டு வருவாய்க்கு மட்டுமன்றி, அறக்கட்டளையின் நிகரச் சொத்து மதிப்புக்கே உச்ச விகிதத்தில் வரி வர இடமுண்டு.

ரசீதுப் புத்தகம் வந்த பிறகு கொடையாளர்களின் ஐயங்களும் வந்தன. ஒரே கொடையில் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் 80ஜி கழிவு இல்லை. காசோலையாகவோ வங்கி வழியாகவோ தர வேண்டும். அரிசி மூட்டையாகத் தருபவருக்குப் புண்ணியம் உண்டு, வரிக்கழிவு இல்லை. பணமாகத் தருவதற்கே கழிவு. பத்தாயிரம் ரூபாய் தந்தவருக்குப் பத்தாயிரமும் வரியில் குறைவதில்லை. பொதுவாக அதில் பாதி, அதாவது ஐயாயிரம், அதற்கென உள்ள உச்சவரம்புக்கு உட்பட்டு வருமானத்திலிருந்து கழியும். 20 விழுக்காடு வரி செலுத்துபவருக்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கோ இந்தக் கழிவே இல்லை. இதைக் கேட்ட ஒருவர், “அப்படியானால் ஒன்பதாயிரம் சுவாமிக்கு உண்மையாகவே கொடுத்ததாகிறது!” என்று சிரித்தார்.

பெயர் சொல்லாமல் உண்டியலில் இடும் வழக்கத்தையும் அன்னதானக் கூடத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. முழுக்கச் சமயத்துக்கான அமைப்புகளுக்கு இதில் விலக்கு உண்டு. பொதுத் தரும அமைப்புக்கு வரும் பெயரறியாக் கொடை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 விழுக்காடு வரி. எனவே பத்து ரூபாயாயினும் பெயர், முகவரியுடன் ரசீது. ஆண்டுதோறும் மே 31க்குள் கொடையாளர் பட்டியலை 10பிடி படிவத்தில் வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அதன் பிறகு இணையதளத்திலிருந்து கிடைக்கும் 10பிஇ சான்றிதழே கொடையாளரின் கழிவுக்கு ஆதாரம். கையால் எழுதிய ரசீது மட்டும் போதாது.

இவையெல்லாம் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி நிகழ்ந்தவை. 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்துள்ளது. இத்தகைய அமைப்பை அது, பதிவுபெற்ற லாப நோக்கற்ற அமைப்பு என்று குறிக்கிறது. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறியுள்ளன. ஆகவே புதிதாகத் தொடங்குவோர் பழைய எண்களை மனப்பாடம் செய்வதை விடுத்து, வரித்துறையின் இணையதளத்தில் இன்றைய படிவத்தைப் பார்த்து, தகுதியான கணக்காளர் ஒருவரின் துணையோடு விண்ணப்பிப்பது நன்று.

இவ்வளவு எழுத்து வேலையும் பக்திக்கு அயலானது என்று சிலருக்குத் தோன்றலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்கள் வேறுவிதமாகச் சொல்கின்றன. முதலாம் இராசராசன் தான் தந்தவற்றையும், தன் தமக்கை குந்தவை தந்தவற்றையும், தேவியரும் பிறரும் தந்தவற்றையும் கல்லில் வெட்டுவித்தான். பொன்னணிகள் ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுக்கப்பட்டு, நிறையோடு பதிவாயின. பேரரசனே இறைவன் முன் கணக்குக் கொடுத்த நாட்டில், பிரதோஷக் குழு கணக்குக் கொடுப்பதில் குறைவொன்றுமில்லை.

அறக்கட்டளையின் கணக்கு திறந்த அன்று, முதல் வரவாக அம்மையாரின் காசோலை சேர்ந்தது. மூன்று லட்சத்து எண்பத்து நான்காயிரம். ரசீதில் கொடையாளர் பெயர் எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று பொருளாளர் தயங்கினார். அம்மையார் தந்தது அவர் கொடையன்று, ஊரார் கொடை. ‘பழைய அன்னதான இருப்பு’ என்று எழுதி, வாத்தியாரின் நீள நோட்டை அதனுடன் இணைத்துக் கோப்பில் வைத்தனர். அந்த ரசீதுக்கு 80ஜி முத்திரை இடப்படவில்லை. அடுத்த பிரதோஷத்துக்கு அரிசி வந்தது, பற்றுச்சீட்டுடன்.