சைக்கிள் கொடுத்தோம், சாலை?

நெதர்லாந்துக்காரர்கள் பிறவியிலேயே சைக்கிள் பிரியர்கள் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவது நம்மிடையே வழக்கம். வரலாறு அப்படி இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கேயும் கையில் காசு புழங்கியது. கார்கள் பெருகின. அவற்றுக்கு வழிவிட வீடுகள் இடிக்கப்பட்டன. ஊர்ச் சதுக்கங்கள் கார் நிறுத்துமிடங்களாயின. சைக்கிளில் போகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தார்கள். 1971இல் மட்டும் அந்தச் சிறிய நாட்டின் சாலைகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் அதிகமானோர் குழந்தைகள்.

மகளைச் சாலையில் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று தலைப்பிட்டு 1972இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. அதன் முதல் தலைவர் மார்ட்யே ஃபன் புட்டன் என்ற இளம்பெண். அவரும் தோழர்களும் தெருவை அடைத்து, நடுவில் மேசை போட்டு, அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிள்ளைகள் அதே தெருவில் விளையாடினார்கள். பிரதமர் யோப் டென் அய்லின் வீட்டு வாசலுக்கே போய்ப் பாட்டுப் பாடிக் கோரிக்கை வைத்தார்கள். அவரும் வெளியே வந்து கேட்டார். ஆம்ஸ்டர்டாமில் டெ பைப் என்ற நெருக்கமான பழைய குடியிருப்புப் பகுதியில் பிள்ளைகளே தடுப்பு வைத்துத் தெருவை மறித்தார்கள். கோபம் கொண்ட கார்க்காரர்களுக்கு முன்னால் அசையாமல் நின்ற அந்தச் சிறுவர்களை எண்ணும்போது இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக் கூடாது என்று அரசு உத்தரவிட்டது. நெடுஞ்சாலையில் பிள்ளைகள் சைக்கிள் விட்டார்கள். கார் இல்லாத சாலை எப்படி இருக்கும் என்பதை ஒரு நாடே கண்ணால் பார்த்தது. டெல்ஃப்ட் நகரத்தில் தொடங்கிய குடியிருப்புத் தெரு முறைக்கு 1976இல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அத்தகைய தெருக்களில் நடைபாதை தனி, சாலை தனி என்ற பிரிவே கிடையாது. மரமும் வளைவும் குறுக்கே வரும். கார் நடை வேகத்தில்தான் ஊர்ந்து போக வேண்டும். இன்று அங்கே பதினொன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் உண்மையான தெருவிலேயே சைக்கிள் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெறுகிறார்கள். பிறகு உயர்நிலைப் பள்ளிக்குத் துணையின்றித் தாங்களே போகிறார்கள்.

அதே 1973இல்தான் சென்னை தன் முதல் மேம்பாலத்தை ஜெமினி சந்திப்பில் திறந்தது. அதற்குப் பிறகு பாலங்கள் வளர்ந்தன, சாலைகள் அகன்றன, நடைபாதைகள் தேய்ந்தன. ஆனால் சைக்கிள் நமக்கும் அந்நியமில்லை. மணி வாடகைக்குக் கிடைத்த சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறை நம் ஊர்களிலும் இருந்தது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். கல் குவாரியில் உழைத்தவர்களும் அவர்களில் உண்டு. 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் வந்தது. 2005-06 முதல் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் எல்லாருக்கும் அது விரிந்தது. இது பெரிய சாதனை.

ஆனால் கிராமத்துப் பெண்ணுக்கு வழி திறந்த அந்த சைக்கிள், சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் எந்த இடத்தில் ஓடும்? மாநகரப் பேருந்துக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவிலா? நடைபாதையில் மின்மாற்றி நிற்கிறது, பைக் நிற்கிறது, தோண்டிய மண் கிடக்கிறது. அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கும் தாய் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். அந்த ஸ்கூட்டரே பள்ளி வாசல் நெரிசலைக் கூட்டி, நடந்து வரும் இன்னொரு பிள்ளைக்கு ஆபத்தாகிறது. தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரு அவருக்கு வேறு வழி விடவில்லை. கடைக்குத் தனியாகப் போய்ச் சில்லறை எண்ணி வாங்கி வரும் பத்து வயதுப் பிள்ளையை நம் நகரங்களில் காண்பதே அரிதாகிவருகிறது. அந்தச் சிறு தைரியத்தைப் பாடப் புத்தகத்தால் கொடுக்க முடியாது.

சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் அது கடைத்தெரு. பிள்ளைகள் தினமும் போகும் தெரு பள்ளித் தெரு.

சைக்கிள் கொடுப்பது நலத்துறைகள். சாலை போடுவது மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும். இவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். சைக்கிள் பெறும் பிள்ளைகளின் முகவரிகள் பள்ளியில் இருக்கின்றன. எந்தத் தெருக்கள் வழியாக வருகிறார்கள் என்று அவர்களைக் கேட்டாலே வரைபடம் கிடைத்துவிடும். சைக்கிள் வழங்கும் ஆணையோடு, பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் வேகத்தைக் குறைக்கவும் நடைபாதையை மீட்கவும் அதே ஆண்டு நிதி ஒதுக்கும் ஆணையும் வரட்டும். பள்ளி விடும் நேரத்தில் அந்தத் தெருவுக்குள் வண்டிகள் நுழையாமல் நிறுத்த ஒரு தடுப்புக் கட்டையும் ஒரு காவலரும் போதும். அதற்கு அடுத்த நிதியாண்டு வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.