மறைத்த சொல்லும் மாறாத வடுவும்

திருமணத்துக்கு ஐந்து வாரமே இருந்த நிலையில் ஒரு தாய் தம் மகளை அழைத்துக்கொண்டு அண்மையில் நம்மிடம் வந்தார். ஸ்கூடாய்ப் பக்கத்துக் குடும்பம். மகளின் இரு கன்னங்களிலும் தாடையோரத்திலும் விரல்நுனி அளவில், வரிசை வரிசையாகக் கரும்பொட்டுகள் பதிந்திருந்தன. முகத்தின் பூனைமயிரை நீக்குவதற்காக லேசர் கருவியின் முனை எங்கெல்லாம் தொட்டதோ அங்கெல்லாம் தோல் வெந்து கறுத்து, கருவியின் முத்திரையைத் தாங்கி நின்றது. ஆறு முறைக்கான கட்டணத்தை முன்னதாகவே வாங்கிக்கொண்டார்கள்; இரண்டாம் முறையிலேயே இந்நிலை. முறையிட்டபோது, சில நாளில் மறைந்துவிடும் என்று சொல்லி ஒரு களிம்பைக் கொடுத்து அனுப்பினராம். பேசிய நேரம் முழுதும் அந்தப் பெண் துப்பட்டாவின் ஓரத்தைக் கன்னத்திலிருந்து எடுக்கவில்லை. விடைபெறும்போது ஒன்றே கேட்டார்: "இப்படி ஆகக்கூடும் என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவ்வினாவே இன்றைய தலையங்கத்தின் பொருள்.

ஜொகூர் பாருவின் கடைவீடுகளைச் சுற்றி வந்தால் அழகு நிலையப் பலகைகளுக்குக் குறைவில்லை. மவுண்ட் ஆஸ்டின், தாமான் பெலாங்கி, பெர்மாஸ் ஜெயா என எங்கும் அதே ஒளிவிளக்கு. அதே 'முன்பு – பின்பு' படங்கள். 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம் இவ்வணிகத்துக்கும் வழியாயிற்று. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைப்பதால், அக்கரையிலிருந்தும் முகம் சீர்செய்ய மக்கள் இங்கு வருகின்றனர். இவ்விடங்களுள் முறையாகக் கற்ற மருத்துவர் பொறுப்புடன் நடத்தும் மருத்துவமனைகளும் உண்டு. சில நாள் பயிற்சியோடு ஊசியைக் கையில் எடுப்போர் நடத்தும் அறைகளும் உண்டு. தெருவில் நின்று பலகையைப் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன.

முகத்தைச் சீர்செய்ய விழைவது குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. இக்கலை காயமுற்ற மனிதருக்கு முகத்தை மீட்டுத் தரப் பிறந்தது. நெற்றித் தோலைக் கொண்டும் கன்னத் தசையைக் கொண்டும் மூக்கை மீளமைக்கும் வழிகளை நம் துணைக்கண்டம் பன்னெடுங்காலமாக அறிந்திருந்தது. 1792ஆம் ஆண்டுப் போரில் திப்பு சுல்தானின் படையிடம் சிறைப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்த கவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்குப் புனே வட்டாரத்தில் புதிய மூக்கு அமைத்த செய்தி, 1794இல் லண்டன் இதழொன்றில் படத்துடன் வெளிவந்தது. அதைப் பின்பற்றி ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் 1814இல் இங்கிலாந்தில் அவ்வறுவையைச் செய்து காட்டினார். தீக்காயமுற்றவர், பிளவுதட்டுடன் பிறந்த குழந்தை, பருத்தழும்பால் வெளியே வரக் கூசும் இளைஞர் ஆகியோர்க்கு இம்மருத்துவம் பெருந்துணை. அத்தகைய கலை பொய் வாக்குறுதியின் கருவியாவதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

ஏமாற்றம் எங்கே தொடங்குகிறது? லேசரின் இயல்பை அறிந்தால் விடை கிடைக்கும். இன்றைய தோல் லேசர்களுக்கு அடிப்படையான கோட்பாட்டை ஆண்டர்சன், பாரிஷ் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 1983இல் வகுத்தனர். ஒளி தனக்கு ஏற்ற நிறத்தைத் தேடிச் சென்று, அங்கே வெப்பமாகி, அதை மட்டும் அழிக்கும் என்பது அதன் சாரம். வெண்தோலில் கருமயிர் இருந்தால் ஒளிக்கு இலக்கு தெளிவு. நம்மவர் தோலிலோ மயிரில் உள்ள அதே மெலனின் நிறமி மேற்புறமெங்கும் நிறைந்திருக்கிறது. கருவியின் அலைநீளமும் ஆற்றலும் தோலுக்கு ஏற்றபடி அமையாவிட்டால் வேருக்குச் செல்லவேண்டிய வெப்பம் தோலிலேயே தங்கி அதைச் சுட்டுவிடும். 755 நானோமீட்டர் ஒளியைவிட 1064 நானோமீட்டர் ஒளி கருந்தோலுக்குப் பாதுகாப்பானது என்பது இத்துறையின் பாலபாடம். தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலுங்கூட 1975இல் வெண்தோலினரை மனத்தில் கொண்டே உருவாயிற்று. மாநிறத்துக்கும் கருமைக்கும் உரிய வகைகள் பின்னர்தான் சேர்க்கப்பட்டன. தமிழர் பெரும்பாலும் அவ்வகைகளைச் சேர்ந்தவர்கள். ஆகவே, வேறொரு நிறத்தவரின் படத்தைச் சுவரில் மாட்டி, "உங்களுக்கும் இப்படியே வரும்" என்று தமிழ்ப் பெண்ணிடம் சொல்வது அறியாமையாக இருக்கலாம். அறிந்தே சொன்னால் அது வஞ்சகம்.

மங்கு எனப்படும் முகக்கருமையின் கதையும் இதுவே. லேசரால் சில வாரம் வெளுத்து, பின்னர் முன்னிலும் கறுத்துத் திரும்புவது மங்கின் இயல்பு. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகையே வடக்கிலுள்ள இவ்வூரின் வெயிலில், நாள்தோறும் வெயில்காப்பு இல்லாமல் எந்தச் சிகிச்சையும் நிலைக்காது. மூக்கறுவையில் வீக்கம் முற்றும் வடிந்து வடிவம் நிலைபெற ஓராண்டு வேண்டும். முதல் அறுவையின் தழும்பு, திருத்த அறுவையை மேலும் கடினமாக்கும். மூக்கிலும் புருவத்திடையிலும் ஏற்றும் நிரப்பு ஊசி இரத்தக் குழாய்க்குள் புகுந்தால் கண்பார்வையே பறிபோகலாம். ஹயலுரானிக் அமில நிரப்பியைக் கரைக்க மருந்து உண்டு. திரவ சிலிக்கோனைக் கரைக்க மருந்தில்லை. இவை யாவும் மருத்துவர்கள் நன்கறிந்த செய்திகள். படுக்கையில் படுப்பவர்க்கு மட்டும் ஏன் தெரிவதில்லை?

இவ்விடத்தில் ஒரு வழக்கை நினைவுகூர்வது தகும். ஆஸ்திரேலியாவில் ஒரு பெண்மணி சிறுவயதில் பட்ட காயத்தால் வலக்கண் பார்வையைப் பெரிதும் இழந்திருந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு கண் மருத்துவரிடம் சென்றார். அறுவை செய்தால் கண்ணின் தோற்றம் சீராகும், பார்வையும் ஓரளவு திரும்பலாம் என்றார் மருத்துவர். நல்ல கண்ணுக்கு ஏதும் நேருமோ என்று அவர் மீண்டும் மீண்டும் கவலையோடு கேட்டிருந்தார். ஆயினும் 14,000இல் ஒருவர்க்கு மற்றக் கண்ணும் பாதிக்கப்படும் என்ற செய்தி சொல்லப்படவில்லை. அவர் அந்த ஒருவரானார். இரு கண்ணும் இருண்டன. அறுவையில் பிழையில்லை; சொல்லாமல் விட்டதே பிழை என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது. அந்நெறியை நம் கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஏற்றது. 2017இல் மீண்டும் உறுதிசெய்தது. நோயாளி எதைப் பொருட்படுத்துவாரோ அந்த அபாயத்தை அவர்க்குச் சொல்வது மருத்துவரின் கடமை என்பதே இன்று நம் நாட்டுச் சட்டம். 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பெற்ற பெண், 1982ஆம் ஆண்டு விபத்துக்குப்பின் செய்த அறுவையால் உடல் செயலிழந்தவர். அவர் நீதிக்காகக் காத்திருந்தது 24 ஆண்டு.

உயிர்காக்கும் அறுவைக்கே இக்கடமை உண்டு என்றால், தள்ளிப்போடவும் தவிர்க்கவும் கூடிய அழகுச் சிகிச்சைக்கு அது எத்துணை மடங்கு வலிமை பெறவேண்டும்!

சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெறாத இடத்தில் மருத்துவம் செய்தால் தனியொருவர்க்கு 300,000 ரிங்கிட் வரை தண்டம், ஆறாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. பதிவுபெற்ற மருத்துவரும் அழகியல் மருத்துவம் செய்ய, எல்.சி.பி. எனப்படும் தகுதிக் கடிதத்தைச் சுகாதார அமைச்சிடம் பெறவேண்டும். இருந்தும் 2020 அக்டோபரில் கோலாலம்பூர் செராசில், அழகு நிலையம் ஒன்றில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்குச் சென்ற இளம்பெண் உயிரோடு திரும்பவில்லை. 2016இல் சென்னையில், முடி நடும் சிகிச்சைக்குப்பின் இறந்தவர் ஒரு மருத்துவ மாணவர். மருத்துவம் படிப்பவரையே காக்காத நிலையில், பாசிர் கூடாங் ஆலைத் தொழிலாளியின் மகள் தன்னைத் தானே காத்துக்கொள்ளட்டும் என்று விடுவது அறமாகுமா?

இழப்பீடு பெறும் வழியும் கரடுமுரடானது. பயனீட்டாளர் நடுவர் மன்றம் குறைந்த செலவில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை விசாரிக்கும். ஆனால் மருத்துவர் வழங்கும் சுகாதாரச் சேவையை 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தன் எல்லைக்கு வெளியே வைத்துள்ளது. மலேசிய மருத்துவ மன்றம் மருத்துவரைத் தண்டிக்கலாம். பாதிக்கப்பட்டவர்க்குப் பணம் தராது. எஞ்சுவது உரிமையியல் வழக்கு. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம் அந்தப் படியில் ஏறத் துணிவதில்லை. முகத்தில் வடுவோடு, கையில் ரசீதோடு வாய்மூடி இருந்துவிடுகிறது.

ஆகவே நாம் வலியுறுத்துவன சில. அழகுச் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவம் தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில், எளிய சொற்களில் இருத்தல் வேண்டும். அது முந்திய நாளாவது கையில் தரப்பட வேண்டும். படுக்கையில் கிடத்தியபின் நீட்டும் தாளில் இடும் ஒப்பம் ஒப்பமாகாது. மாநிறத்தவர்க்கு லேசர் தருமுன் சிறு இடத்தில் சோதித்து, சில வாரம் காத்திருப்பது கட்டாயமாக வேண்டும். மருத்துவரின் பெயரும் எல்.சி.பி. விவரமும் வாயிலிலேயே பார்வைக்கு இருக்கவேண்டும். மருத்துவ அழகுச் சிகிச்சைக்கு விரைவான, செலவு குறைந்த நடுவர் ஏற்பாட்டை அரசு உருவாக்க வேண்டும். நம் தமிழ் ஊடகங்களும், இவ்விதழ் உட்பட, உரிமம் காட்டாத நிலையத்தின் விளம்பரத்தை ஏற்காதிருக்கும் கட்டுப்பாட்டை மேற்கொள்ள வேண்டும்.

செல்வோர்க்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவரின் பெயரை மருத்துவ மன்றத்தின் பதிவேட்டிலும் அமைச்சின் பட்டியலிலும் தேடிப் பாருங்கள். "என் நிறத்தில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? தவறினால் யார் பார்ப்பார்?" என்று கேளுங்கள். இன்றே பணம் கட்டினால் பாதி விலை என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நம் இல்லங்களுக்கும் ஒரு சொல் உண்டு. பெண் பார்க்க வந்த வீட்டில், "பெண் கொஞ்சம் நிறம் மட்டு" என்று காதில் விழும்படி பேசிய வாய்தான் பலரை அந்தப் படுக்கைக்கு அனுப்புகிறது. பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்புகளைப் பற்றிப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலமாக எச்சரித்தும் அவை விலைபோவது அப்பேச்சால்தான். தாய் தந்தையர் தந்த நிறத்தை வீட்டிலேயே குறையாக்கிவிட்டு, கடைக்காரரை மட்டும் பழிப்பது நேர்மையாகாது.

அந்தப் பெண்ணை அரசு மருத்துவமனையின் தோல் மருத்துவர் ஒருவரிடம் அனுப்பிவைத்தோம். பொட்டுகள் மெல்லத்தான் மங்கும், ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம், முழுதும் மறையும் என்று உறுதி தர இயலாது, திருமணத்துக்குள் ஆகாது என்று அவர் ஒளிக்காமல் சொன்னாராம். கேட்டுவிட்டு மகள் அழுதாள், ஆனால் அன்றிரவுதான் பல நாளுக்குப்பின் உறங்கினாள் என்று தாய் தொலைபேசியில் தெரிவித்தார். கசப்பான அவ்வுண்மையைத் தாங்கும் வலிமை அவளுக்கு முதல்நாளும் இருந்தது. அன்றே அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.