ஆரம்ப சூரர்களுக்கு ஆதரவாக

டிசம்பர் கடைசி வாரத்தில் இரண்டு பொருள்கள் வீடு தேடி வரும். ஒன்று, மளிகைக் கடைக்காரர் கொடுக்கும் தினசரி நாட்காட்டி. இன்னொன்று, புத்தாண்டுச் சபதம் எடுப்பவர்களைக் கிண்டலடிக்கும் வாட்ஸ்அப் மீம். ‘ஒண்ணாம் தேதி ஜிம்முக்குன்னு ஷூ வாங்கினான், போகியன்னிக்கு அதையும் சேர்த்துக் கொளுத்திட்டான்’ என்கிற வகை. நாட்காட்டியிலாவது வருடத்துக்கு வருடம் சாமி படம் மாறும். மீம் மாறாது.

நானும் சிரித்தவன்தான். சிரிப்புக்கு ஆளானவனும்கூட. தொடர்ந்து நான்கு ஜனவரிகளில் ‘தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு நடைப்பயிற்சி’ என்று முடிவெடுத்தேன். அவற்றில் அதிக ஆயுள் பெற்றது பத்தொன்பது நாள். வீட்டில் ‘ஆரம்ப சூரன்’ என்று பெயர் வாங்கியாயிற்று. அந்தப் பட்டத்தோடுதான் இதை எழுதுகிறேன்: புத்தாண்டுத் தீர்மானம் வெட்டி வேலை என்பவர்கள் அடுக்கும் காரணங்களில் ஒன்றுகூட நிற்கவில்லை.

அவர்களுடைய பெரிய ஆயுதம் ஓர் எண். நூற்றுக்கு 92 பேர் தோற்றுப்போகிறார்கள், எட்டுப் பேர்தான் கரையேறுகிறார்கள் என்பார்கள். அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் பல்கலைக்கழகத்தின் பெயரை ஒட்டிக்கொண்டுதான் இந்த எண் ஊர் சுற்றுகிறது. அந்தப் பல்கலைக்கழகத்தில் இதையே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் ஜான் நார்க்ராஸ் என்ற உளவியல் பேராசிரியர். அவர் வெளியிட்ட கணக்கு வேறு. 1980களில் அவர் தீர்மானம் எடுத்த 200 பேரைத் தொடர்ந்து விசாரித்தார். ஒரு வாரம் கழித்து 77 சதவீதம் பேர் சொன்னபடி நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து 19 சதவீதம் பேர்.

‘ஐந்தில் நான்கு பேர் உதிர்ந்துவிட்டார்களே, இதற்கா இவ்வளவு பேச்சு’ என்று கேட்கலாம். தீர்மானமே எடுக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கிண்டல்காரர்கள் அதை மட்டும் கேட்பதே இல்லை. நார்க்ராஸ் கேட்டார். 2002இல் வந்த அவருடைய ஆய்வில் இரண்டு கூட்டம். தீர்மானம் எடுத்தவர்கள் 159 பேர். அதே மாதிரிக் குறைகளோடு, மாற வேண்டும் என்ற ஆசையும் இருந்து, ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டவர்கள் 123 பேர். ஆறு மாதம் கழித்து முதல் கூட்டத்தில் 46 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் 4 சதவீதம். எல்லாம் தொலைபேசியில் அவரவர் வாயால் சொன்னதுதான், கொஞ்சம் புளுகு கலந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புளுகு இரண்டு பக்கமும்தான் இருந்திருக்கும். 46க்கும் 4க்கும் நடுவிலுள்ள பள்ளத்தைப் புளுகால் மட்டும் தூர்த்துவிட முடியாது. பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்கினவனைப் பார்த்து, நிறுத்தத்தை விட்டே நகராதவர் சிரிப்பதற்குப் பெயர்தான் ‘92 சதவீதத் தோல்வி’.

அடுத்த வாதம் புத்திசாலித்தனமாக ஒலிக்கும்: ‘உண்மையிலேயே மாற நினைக்கிறவனுக்கு ஜனவரி ஒன்று எதற்கு? நினைத்த நாளில் தொடங்க வேண்டியதுதானே?’ தொடங்கலாம். யார் வேண்டாம் என்றது? பெரும்பாலோர் தொடங்குவதில்லை என்பதுதான் சிக்கல். ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் இதை நடத்தையிலேயே பார்த்தார்கள். கூகுளில் உணவுக் கட்டுப்பாடு பற்றித் தேடுவதும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதும் வாரத் தொடக்கத்தில் கூடுகின்றன, மாதத் தொடக்கத்தில் கூடுகின்றன, ஆண்டுத் தொடக்கத்தில் நன்றாகவே கூடுகின்றன. பழைய சொதப்பல்கள் எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆளுடையவை, இந்தப் பக்கம் நிற்பவன் வேறு ஆள் என்று மனசு ஒரு சலுகை கொடுத்துக்கொள்கிறது.

இதைக் கண்டுபிடிக்க நமக்கு அமெரிக்கப் பேராசிரியர்கள் தேவைப்பட்டிருக்க வேண்டாம். விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுத வைக்கிறோம். நாள் பார்த்துப் பால் காய்ச்சுகிறோம். ராகுகாலத்தில் பைக் டெலிவரி எடுக்காத நண்பர் ஒருவர் இருக்கிறார்; நாளில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டவர் அவர்தான்.

இன்னொரு கோஷ்டி, ‘இது வெள்ளைக்காரன் வழக்கம், நமக்கெதற்கு’ என்கிறது. இதற்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். 1752க்கு முன்னால் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்ததே மார்ச் 25இல். சென்னையில் கோட்டை கட்டி நூறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகுதான் அந்தக் கம்பெனிக்காரர்களுக்கே ஜனவரி ஒன்று அதிகாரபூர்வமான புத்தாண்டானது. நாள் பார்த்துச் சபதம் எடுப்பதோ இங்கே காப்புக் கட்டுகிற ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. ஜனவரி பிடிக்காவிட்டால் தை ஒன்று இரண்டே வாரத்தில் வருகிறது. அதுவும் தவறினால் சித்திரை ஒன்று. எது தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டசபையில் 2008இல் ஒரு சட்டம் போட்டு 2011இல் அதை எடுத்தும்விட்டார்கள். சபதம் எடுக்கிறவனுக்கு லாபம், இரண்டு தேதியும் கைவசம்.

மற்றவற்றைவிட ஆழமாக வேரோடியது ‘மன உறுதி இல்லாதவனுக்கு எதற்குத் தீர்மானம்’ என்பது. கேலி செய்கிறவர் மட்டுமா, தோற்றவரும் இதை நம்பிவிடுகிறார். நானும் நான்கு வருடம் நம்பினேன்.

கார்த்திகை பிறந்ததும் மாலை போடுகிறவரைப் பாருங்கள். வருடம் முழுக்கத் தினமும் ஒரு பாக்கெட் சிகரெட், சனிக்கிழமை தவறாமல் குடி, பிரியாணி இல்லாத ஞாயிறு கிடையாது. அப்படிப்பட்டவர் 41 நாளோ ஒரு மண்டலம் என்று 48 நாளோ எதையும் தொடுவதில்லை. விடியற்காலை பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார், தரையில் பாய் விரித்துப் படுக்கிறார், செருப்பில்லாமல் நடக்கிறார். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய வாரத்திலேயே பழைய கடை வாசலில் நிற்கிறவர்களும் உண்டு. மன உறுதி என்பது ஒருவருக்குள் இருக்கிற நிலையான சரக்கு என்றால், கார்த்திகையில் அது எங்கிருந்து வந்தது, தையில் எங்கே போனது?

பக்தி ஒரு காரணம், மறுக்கவில்லை. அதே பக்தி ஆவணியிலும் அவருக்கு இருந்ததே. கார்த்திகையில் கூடுதலாக இருப்பது ஏற்பாடு. தொடங்கும் நாளும் முடியும் நாளும் தெரியும். என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் குழப்பமில்லை. கழுத்தில் மாலையும் இடுப்பில் கறுப்பு வேட்டியும் ஊருக்கே அறிவித்துவிடுகின்றன. டீக்கடையில் ‘வாங்க சாமி’ என்கிறார்கள். சாமிக்கு யாரும் நெருப்புப் பெட்டி நீட்டுவதில்லை. கூடவே பத்துப் பேர் விரதமிருக்கிறார்கள், சந்தேகம் வந்தால் குருசாமி இருக்கிறார். ஆசையோடு மல்லுக்கட்ட வேண்டிய இடங்களில் பாதியை ஏற்பாடே எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஏலச்சீட்டும் இப்படித்தான். கையில் காசு தங்காது என்று புலம்புகிறவர் மாதம் பத்தாம் தேதி சீட்டுப் பணத்தை எப்படியோ புரட்டிக் கட்டிவிடுவார். சீட்டில் சேர்ந்த அன்று அவருடைய குணம் ஒன்றும் மாறிவிடவில்லை.

ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் இந்த ஏற்பாட்டின் ஒரே ஒரு துண்டை எடுத்துச் சோதித்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். இதுதான் மாணவர்களுக்குக் கொடுத்த வேலை. பாதிப் பேரிடம் மட்டும் ‘எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவாய்’ என்பதை முன்கூட்டியே முடிவு செய்யச் சொன்னார். மற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான் எழுதி அனுப்பினார்கள். நேரமும் இடமும் குறித்தவர்களில் அதைப்போல இரு மடங்குக்கு மேல்.

சொல்கிற விதத்துக்கும் பங்குண்டு. சுவீடனில் 1,066 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், ‘இதைச் செய்வேன்’ என்று தீர்மானித்தவர்களில் 58.9 சதவீதம் பேரும், ‘இதை விடுவேன், தவிர்ப்பேன்’ என்றவர்களில் 47.1 சதவீதம் பேரும் வெற்றி என்றார்கள். பஜ்ஜியைத் தொடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தால் நாலு மணிக்கு நினைப்பெல்லாம் பஜ்ஜிதான். நாலு மணிக்குச் சுண்டல் என்றால் கைக்கும் வாய்க்கும் வேலை இருக்கிறது.

என் ஐந்தாவது ஜனவரியில் நான் எடுத்த தீர்மானம் கேட்கவே அல்பமாக இருக்கும். ‘பால் வாங்க வண்டியை எடுப்பதில்லை, நடந்தே போவேன்.’ பால் வாங்காத காலை எங்கள் வீட்டில் கிடையாது. பூத்துக்குப் போக வர இரண்டு கிலோமீட்டர். மூன்றாவது வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஐந்து மணிச் சூரனும் இந்தப் பால்காரனும் ஒரே சோம்பேறிதான்.

‘ஒருநாள் விட்டால் போச்சு’ என்பதைக் கிண்டல்காரரும் சொல்வார், தன்னம்பிக்கைப் பேச்சாளரும் சொல்வார். 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்பது பேச்சாளரின் பங்கு. இதற்கு மூலம், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960இல் எழுதிய புத்தகம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கண்டதை எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். பழக்கம் படிய நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. ஆளுக்கும் வேலைக்கும் தக்கபடி 18 நாளிலிருந்து 254 நாள்வரை விரிந்தது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய சேதம் இல்லை என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். நார்க்ராஸின் இரண்டாண்டு ஆய்விலும் ஜெயித்தவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் நடுவில் வழுக்கியவர்கள்தான். என் பத்தொன்பதாம் நாள் நடைக்கு மறுநாள் மழை பெய்தது. அதற்கு அடுத்த நாள் நான் போகாததற்கு மழை காரணமல்ல. ‘போச்சு, சங்கிலி அறுந்துவிட்டது’ என்ற இந்த நம்பிக்கைதான் காரணம்.

பேச்சாளர்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தீர்மானத்தின் எதிரிகளைவிட இந்த நண்பர்கள்தான் அதிகம் கெடுக்கிறார்கள். 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் இலட்சியத்தை எழுதிவைத்த 3 சதவீதம் மாணவர்கள், இருபது ஆண்டு கழித்து மற்ற 97 சதவீதத்தினரும் சேர்த்ததைவிட அதிகச் செல்வம் சேர்த்துவிட்டார்கள் என்ற கதையை மேடையில் கேட்டிருப்பீர்கள். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. 1996இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை துருவிப் பார்த்து இதை அம்பலப்படுத்தியது. யேலும் இல்லை என்றே சொல்லிவிட்டது. ஆனாலும் கதை ஓய்ந்தபாடில்லை. கலிபோர்னியாவில் கெயில் மேத்யூஸ் என்ற பேராசிரியர், சரி நாமாவது நடத்திப் பார்ப்போம் என்று நிஜமாகவே ஓர் ஆய்வு செய்தார். எழுதிவைத்தது உதவியது. எழுதியதோடு வாரா வாரம் ஒரு நண்பருக்கு ‘இவ்வளவு செய்தேன்’ என்று தகவல் அனுப்பியவர்கள் எல்லாரையும்விட நன்றாகச் செய்தார்கள். கோடீஸ்வரர் கதை மாதிரி கைதட்டல் வாங்காது, ஆனால் நடந்தது. குருசாமியின் வேலையைத்தான் அந்த நண்பர் செய்திருக்கிறார்.

காசு கட்டிவிட்டால் தானாகப் போவோம் என்பதும் இவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான். அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் உறுப்பினர்களை ஆராய்ந்தவர்கள் 2006இல் எழுதினார்கள்: வருகைக்கு 10 டாலர் கொடுத்துப் போயிருக்கலாம், மாதச் சந்தா கட்டிவிட்டு எப்போதாவது போனதில் ஒவ்வொரு வருகைக்கும் 17 டாலருக்கு மேல் ஆயிற்று. நானும் ஒரு வருடச் சந்தா கட்டியவன். வருகைக்கு எவ்வளவு விழுந்தது என்பதை வீட்டில் சொல்லவில்லை.

ஆகவே இந்த ஜனவரியில் ஒருவர் தயங்கித் தயங்கித் தன் தீர்மானத்தைச் சொன்னால் சிரித்துவிடாதீர்கள். எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு என்று கேளுங்கள். இதைப் படிக்கும்போது ஜனவரி தாண்டியிருந்தால் திங்கட்கிழமை இருக்கிறது. புதுச்சேரியில் ஆனந்தரங்கம் பிள்ளை தம் நாட்குறிப்பைத் தொடங்கிய தேதி 1736 செப்டம்பர் 6. அது 1761வரை போகிறது. நமக்குக் கிடைத்திருப்பதில் நடுநடுவே இடைவெளிகள் இருக்கின்றன. அதைக் காட்டி அவரை ஆரம்ப சூரர் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.