ஹெட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி பில்லைத் தேடுங்க

லீவு நாள்ல வீட்டு ஷெட்டில் பைக்குக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிற என் மச்சான் போன் பண்ணினார். எட்டு மாசக் கம்ப்ரஸர். மோட்டார் ஓடுது, பிரஷர் ஏறலை. “ஹெட்டைக் கழட்டிப் பாக்கவா?”

வேண்டாம்னேன். ஒரு வருஷ வாரன்டி இருக்கு. நாமே பிரிச்சா அதையே காரணம் காட்டி மறுப்பாங்க. வெளியிலிருந்து பாருங்க: டிரெய்ன் வால்வு மூடியிருக்கா, ஃபில்டர் அடைச்சிருக்கா, ஜாயின்ட்ல சோப்புத் தண்ணி தடவினா குமிழி வருதா. எல்லாம் சரியா இருந்தா, கேஜ் தெரியற மாதிரி வீடியோ எடுத்து, சீரியல் நம்பரோட கம்பெனிக்கு மெயில் போடுங்க.

“பில்லு?”

“ஜிஎஸ்டி மிச்சம்னு வாங்கலை மாப்ள...”

இங்கதான் எனக்குக் கோபம். அந்தக் காசுக்கு வாரன்டியையே விட்டுக்கொடுத்திருக்கார். பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. நல்லவேளை, யுபிஐ-ல கட்டியிருந்தார். அதைக் காட்டிக் கடைக்காரர்கிட்ட பில் கேட்டிருக்கோம். தரலைன்னா அடுத்த கால் 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு.