தவிலை மாற்றி வைத்த நாயகி

தவிலை மாற்றி வைத்த நாயகி (3).

இது கவிதையும் இல்லை, சிறுகதைத் தலைப்பும் இல்லை. கிரிப்டிக் வகைக் குறுக்கெழுத்தில் வரக்கூடிய ஒரு குறிப்பு. அடைப்புக்குறிக்குள் இருக்கும் 3, விடை மூன்று எழுத்து என்று சொல்கிறது. படித்தவுடன் பாதிப் பேருக்கு ‘தில்லானா மோகனாம்பாள்’ ஞாபகம் வந்திருக்கும். தவில் இருக்கிறது, நாயகி இருக்கிறாள், வேறென்ன வேண்டும்? ‘மோகனா’ என்று எழுதினால் மூன்று கட்டமும் கச்சிதமாக நிரம்பிவிடும். ஆனால் தப்பு!

குறிப்பு கேட்பது வேறு. ‘தவிலை’ என்ற சொல்லில் மூன்று எழுத்துகள்: த, வி, லை. இவற்றை மாற்றி வைத்தால் ‘தலைவி’. தலைவி என்றால் நாயகி. அவ்வளவுதான். சினிமாவும் இல்லை, கச்சேரியும் இல்லை. குறிப்பின் ஒரு முனையில் விடையின் பொருள், மீதியில் அந்த விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி. இந்த இரண்டையும் ஒரே வாக்கியம் போலத் தைத்து ஆளைத் திசைதிருப்புவதுதான் இந்த விளையாட்டு.

விடை கிடைத்ததும் ஒரு விசித்திரமான அரிப்பு வரும். யாரிடமாவது சொல்ல வேண்டும். ஆனால் விடையைச் சொன்னால் கேட்பவருக்கு விளையாட்டே போச்சு. அதனால்தான் குறுக்கெழுத்துப் பைத்தியங்கள் கூடும் இடங்களில் ஒரு எழுதப்படாத சட்டம் இருக்கிறது: விடையைச் சொல்லாதே, வழியைச் சொல். “மோகனாவை விடு, தவிலைப் பார்” என்பது நல்ல உதவி. “தலைவி” என்பது உதவியே இல்லை, திருட்டு.

இதைப் பார்க்கும் வெளியாட்கள் சிலர், “நாலு பேர் சேர்ந்து போட்டால் அது காப்பி அடிப்பதுதானே?” என்று கேட்பதுண்டு. இல்லை. தனியாக உட்கார்ந்து போடுகிறவர்கள்தான் பல நேரம் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். குறுக்கே வரும் சொற்களிலிருந்து ‘த’வும் ‘வி’யும் கிடைத்துவிட்டால், நடுவில் ‘லை’ என்று ஊகித்து எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். கட்டம் நிரம்பிவிட்டது, ஆனால் தவில் எதற்கு வந்தது என்று தெரியாது. பக்கத்தில் ஒருவர் இருந்தால்தான் “எப்படி?” என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவர் குறிப்பை இன்னும் அவிழ்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கூடிப் பேசுவதால் இன்னொரு பெரிய லாபமும் உண்டு. விளையாட்டின் சட்டமே அப்படித்தான் உருவாகிறது. இங்கிலாந்தின் கதை அதற்கு நல்ல உதாரணம்.

1913-இல் நியூயார்க்கில் ஆர்தர் வின் போட்ட முதல் குறுக்கெழுத்தில் குறிப்புகள் நேரானவை. இங்கிலாந்து அதைத் திருகிவிட்டது. 1926 முதல் ‘அப்சர்வர்’ பத்திரிகையில் எட்வர்ட் போயிஸ் மாதர்ஸ் ‘டார்கமாடா’ என்ற புனைபெயரில் புதிர் போட்டார். ஸ்பெயினில் மத விசாரணை நடத்திய ஒரு கொடூரரின் பெயர் அது. எப்படிப்பட்ட புதிர்கள் என்று பெயரிலேயே தெரிகிறது! 1939-இல் அவர் இறந்த பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் டி.எஸ். மெக்நட் என்ற பள்ளி ஆசிரியர். அவருக்கும் ஒரு மத விசாரணைக்காரரின் பெயர்தான்: ஸிமெனிஸ்.

ஸிமெனிஸ் செய்த நல்ல காரியம், புதிர் போடுகிறவர்களையே குறிப்பு எழுத வைத்தது. ஒரு சொல்லைக் கொடுத்து, அதற்குக் குறிப்பு எழுதி அனுப்பச் சொல்வார். வந்தவற்றில் எவை நல்லவை, எவை எதனால் தேறவில்லை என்று விளக்கம் எழுதி, அச்சடித்து அனுப்புவார். இணையமெல்லாம் கனவிலும் இல்லாத காலத்தில் தபாலிலேயே நடந்த விவாதம் அது. எது நியாயமான குறிப்பு, எது அழுகுணி ஆட்டம் என்பது அங்கேதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. 1966-இல் அவர் அதையெல்லாம் ஒரு புத்தகமாகவே எழுதினார். 1972 முதல் ஏஸெட் என்பவர் அதே வழக்கத்தைத் தொடர்ந்தார்.

அந்த நியாயத்தின் சாரம் எளிமையானது. புதிர் போடுகிறவர் ஆளைத் தவறான பக்கம் இழுக்கலாம். ஆனால் அவர் எழுதிய வார்த்தைகளை அப்படியே எடுத்துக்கொண்டால் அவை உண்மையாக இருக்க வேண்டும். ‘தவிலை மாற்றி வைத்த’ என்பது பொய் இல்லை, தவிலை நிஜமாகவே மாற்றித்தான் வைத்திருக்கிறது.

சரி, தமிழுக்கு அந்தச் சட்டத்தை அப்படியே இறக்குமதி செய்துகொண்டால் போதாதா? போதாது. காரணம் தமிழ்தான்.

கலிஃபோர்னியாவிலிருந்து வெளியாகும் ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் அமைத்த குறுக்கெழுத்துகளைப் போட்டவர்களுக்கு இது தெரியும். தமிழில் ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து என்றால், உயிர்மெய் முழுசாக ஒரே கட்டம். ஆங்கிலத்தில் 26 எழுத்தைக் கலைத்துப் போட்டு விளையாடலாம். தமிழில் 247. ‘லை’யை ‘ல’வாகவும் ‘ஐ’யாகவும் பிரிக்க முடியாது. அதனால் கலைத்தாலும் பொருள் தரும் சொற்கள் சுலபத்தில் மாட்டாது. தவிலும் தலைவியும் இப்படி அமைந்தது அதிர்ஷ்டம்.

அதைவிடப் பெரிய தகராறு வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் சொல் தனியாக நிற்கும், ‘உள்ளே’ என்பதற்கான சொல் தனியாக நிற்கும். தமிழில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ‘வெகுமதிக்குள் ஒளிந்த நிலா (2)’ என்ற குறிப்பைப் பாருங்கள். விடை ‘மதி’. இங்கே ‘க்குள்’ என்பது “உள்ளே தேடு” என்ற கட்டளை. ஆனால் ‘தவிலை’யில் இருக்கும் ‘ஐ’ கட்டளை இல்லை, அதுவே கலைக்க வேண்டிய சரக்கு. ஒரு குறிப்பில் உருபு வேலைக்காரன், இன்னொன்றில் அதுவே சமையல் பொருள்!

இதோ சண்டைக்கு ஏற்ற குறிப்பு: ‘சிகரத்தின் உச்சியை வெட்டிய கை (3)’. சிகரம் என்பதன் முதல் எழுத்தை வெட்டினால் ‘கரம்’. கரம் என்றால் கை. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கறார்க்காரர் ஒருவர் எழுந்து, “குறிப்பில் சிகரம் எங்கே இருக்கிறது? ‘சிகரத்தின்’தானே இருக்கிறது? அதன் தலையை வெட்டினால் ‘கரத்தின்’தான் வரும்” என்பார். தாராளக்காரர், “சிகரத்தின் என்று படிக்கிற எந்தத் தமிழருக்கும் காதில் சிகரம்தான் கேட்கும்” என்பார்.

இருவரில் தாராளக்காரர் பக்கமே நியாயம் அதிகம். தமிழ் படிக்கிற யாரும் ‘சிகரத்தின்’, ‘மரத்தில்’ என்பவற்றைக் கணப்பொழுதில் சிகரம், மரம் என்று மீட்டுக்கொள்கிறார்கள். அது புதிருக்காகக் கற்ற வித்தை இல்லை, மொழியின் இயல்பு. ‘அணிகலனோடு ருசி சேர்ந்தால் சிரிப்பு (5)’ என்ற குறிப்புக்கு நகை, சுவை இரண்டும் சேர்ந்து ‘நகைச்சுவை’ என்று எழுதும்போது நடுவில் ‘ச்’ தானாக வருவதும் அப்படித்தான். யாரும் “அந்த ‘ச்’ எங்கிருந்து வந்தது?” என்று வழக்குப் போடக் கூடாது. புணர்ச்சி விதி கொடுத்தது.

ஆனால் கறார்க்காரரும் தேவை, ரொம்பவே தேவை. அவர் இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது எதையாவது எழுதிவிட்டு “தமிழின் இயல்பு” என்று தப்பித்துக்கொள்வார்கள். அவர் எழுப்பும் ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் காரணம் சொல்லியாக வேண்டும், அந்தக் காரணம்தான் அடுத்த குறிப்புக்குச் சட்டம் ஆகிறது.

வருத்தம் என்னவென்றால், ரசிகர்கள் கூடும் இடங்களில் இந்த ஆட்சேபம்தான் முதலில் காணாமல் போகிறது. “சூப்பர்”, “அருமை”, “மூன்று நிமிடத்தில் முடித்தாயிற்று” என்பவை மட்டுமே மிஞ்சுகின்றன. பாராட்டு தப்பில்லை. ஆனால் நிமிடக் கணக்கைக் கேட்டுப் புதிதாக வருகிறவர் பயந்து ஓடுகிறார். வெறும் கைதட்டலைக் கேட்டுப் புதிர் அமைப்பவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. புதியவர்தான் கூச்சமில்லாமல் “எப்படி?” என்று கேட்பவர். அவரை விரட்டிவிட்டால் விளக்கம் சொல்லும் வழக்கமே நின்றுபோகும். தமிழில் இந்தப் புதிர் அமைப்பவர்கள் குறைவு. அடுத்து அமைக்கப் போகிறவர் இன்றைக்கு அசட்டுக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் புதியவராகத்தான் இருக்க முடியும்.

எனவே வேகமாகப் போடுகிறவர்கள் கொஞ்சம் வாயை அடக்கினால் நல்லது. “முடித்தாயிற்று” என்பதற்குப் பதில், “இந்தக் குறிப்பில் இந்த ஒரு சொல் எதற்கு?” என்று கேட்டால் இன்னும் நல்லது.

கடைசியாக, இதுவரை குறுக்கெழுத்துப் பக்கமே போகாதவர்களுக்கு ஒன்று. கறார்க்காரர்கூட ஆட்சேபிக்க முடியாதது:

தலையை இழந்த மகுடம் தண்ணீர் சுமக்கும் (3).

கண்டுபிடித்தவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் விடையைச் சொல்லிவிட வேண்டாம். தலை என்பது யாருடையது என்று மட்டும் கேட்டால் போதும்.